எந்த வெர்ஷன் சார்? இந்தக் கேள்விக்குள் இத்தனை அதிசயமா!

செவ்வாய்க்கிழமை வந்தால் மட்டும் பிரிண்ட் எடுக்க மறுக்கும் கம்ப்யூட்டரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கட்டுக்கதை இல்லை, நிஜமாகவே இருந்தது! உபுண்டு லினக்ஸ் பயன்படுத்திய ஒருவர் 2009-ல் இப்படி ஒரு புகார் எழுதினார்: ‘ஓப்பன் ஆஃபீஸிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் பிரிண்ட் வருவதே இல்லை என்கிறார் என் மனைவி.’ திங்கள் வரும், புதன் வரும், செவ்வாய் மட்டும் வராது! நம் ஊர் என்றால் ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று சொல்லிவிட்டு மறுநாளைக்குத் தள்ளிப் போட்டிருப்போம். அங்கே தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்த காரணம் என்ன தெரியுமா?

அச்சுக்குப் போகும் ஃபைலின் தலைப்பில் அன்றைய கிழமையும் தேதியும் பதிவாகும். செவ்வாய் என்றால் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம். ஒரு ஃபைலைப் பார்த்து ‘இது இன்ன வகை’ என்று சொல்ல லினக்ஸில் ஒரு குட்டிக் கருவி உண்டு. அதனிடம் இருந்த அடையாளப் பட்டியலில் ஒரு வரி: ‘செவ்வாய், ஜனவரி 22, 14:32:44, 1991’ என்று இருந்தால் அது எர்லாங் என்ற கணினி மொழியின் ஃபைல்! அந்த வரியில் நடுவே வரும் இடைவெளிகளை யாரோ சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டார்கள். முழுத் தேதியையும் ஒப்பிட வேண்டிய கருவி, குறிப்பிட்ட இடத்தில் ‘செவ்வாய்’ என்ற மூன்றெழுத்தைக் கண்டதுமே ‘அட, எர்லாங்!’ என்று முடிவு கட்டியது. எர்லாங் ஃபைலை அச்சடிக்க முடியாதே! பிரிண்டர் பேசாமல் இருந்துவிட்டது!

எந்தப் புகார்ப் படிவத்திலாவது ‘இன்று என்ன கிழமை?’ என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

*

டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? ‘ஆப் வேலை செய்யல’ என்ற ஒற்றை வரிப் புகாரும் அப்படித்தான்! அதனால்தான் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்த வெர்ஷன், எத்தனை பிட், எவ்வளவு மெமரி, எந்த மொழி அமைப்பு, எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

சரி, கம்ப்யூட்டரிடமே கேட்டுவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுமா? அங்கேதான் வேடிக்கை! அது கூசாமல் பொய் சொல்லும்!

*

விண்டோஸ் 7-ன் உள் எண் 7 இல்லை, தெரியுமா? 6.1! விண்டோஸ் 8 என்பது 6.2. விண்டோஸ் 8.1 என்பது 6.3. அப்படியானால் விண்டோஸ் 11? அதன் உள் எண் இன்றும் 10.0! பத்தா பதினொன்றா என்று பில்ட் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் பதினொன்று!

விண்டோஸ் 95 இன்னும் பெரிய ஆள். அதன் உண்மையான உள் எண் 4.0. ஆனால் பழைய 16-பிட் புரோகிராம் எதுவும் வந்து கேட்டால் ‘நான் 3.95’ என்று சொல்லும்! ஏன்? வெர்ஷனைச் சரியாக ஒப்பிடத் தெரியாமல் எழுதப்பட்ட புரோகிராம்கள் அவ்வளவு இருந்தன! உண்மையைச் சொன்னால் அவை ஓடாது. விண்டோஸ் 8.1 வந்த பிறகு கதை இன்னும் முற்றியது. ‘உன்னை எனக்குத் தெரியும்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்காத புரோகிராம்கள் வெர்ஷன் கேட்டால், விண்டோஸ் 10 ஆனாலும் 11 ஆனாலும் ‘6.2’ என்றே பதில் வரும். அதாவது விண்டோஸ் 8!

மேக் மட்டும் யோக்கியமா? 2020-ல் 10.15-க்குப் பிறகு மேக் ஓஎஸ் 11 வந்தது. பழைய புரோகிராம்களிடம் அது சொன்ன எண் 10.16. அப்படி ஒரு வெர்ஷன் கடைக்கே வந்ததில்லை! 2025-ல் ஆப்பிள் இன்னொரு தாவு தாவியது. 15-க்கு அடுத்தது 26! நடுவில் பத்து எண்களைக் காணோம்! இதெல்லாம் போதாதென்று உள்ளே இருக்கும் டார்வின் என்ற கருவுக்குத் தனி எண் வேறு. மேக் ஓஎஸ் 15-ல் இருப்பது டார்வின் 24. மேக் ஓஎஸ் 26-ல் இருப்பது டார்வின் 25. புகாரில் ‘25’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தலை சுற்றிவிடாதா?

லினக்ஸ்? உத்தமபுத்திரன் என்று நினைத்தீர்களா! அதன் கருவுக்குக் கெர்னல் என்று பெயர். 2003 கடைசியிலிருந்து 2011 வரை கெர்னலின் முதன்மை வெளியீடுகள் எல்லாம் ‘2.6’ என்றே தொடங்கின. ஏறக்குறைய எட்டு வருடம்! 2011-ல் 3.0 வந்ததும், ‘2.6 என்று தொடங்காவிட்டால் ஓட மாட்டேன்’ என்று சில புரோகிராம்கள் அடம்பிடித்தன. தீர்வு? கெர்னலுக்கே ஒரு மாறுவேடம் தைத்துக் கொடுத்தார்கள்! அதைப் போட்டுக்கொண்டால் 3.0 என்பது ‘2.6.40’ ஆகிவிடும்!

இன்னொன்று. 2021 பிப்ரவரியில் 4.4.256, 4.9.256 என்று இரண்டு கெர்னல் வெர்ஷன்கள் வெளியாயின. அவற்றில் என்ன புதுசு தெரியுமா? ஒன்றுமே இல்லை! எண் மட்டும்தான் மாறியது! கடைசி எண்ணை வைக்க 8 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள், அதில் 255-க்கு மேல் போகாது. 256 என்றால் ஊரில் எதெல்லாம் உடைகிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு வெளியீடு!

விண்டோஸ் 8-க்குப் பிறகு 9 ஏன் வரவில்லை? பழைய புரோகிராம்கள் ‘விண்டோஸ் 9’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் 95, 98 என்று நினைத்துக் குழம்பும், அதனால்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மைக்ரோசாஃப்ட் அதை உறுதிப்படுத்தியதில்லை. ஆனால் பெயரின் தொடக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் அப்படிப்பட்ட வரிகள் பழைய புரோகிராம்களில் உண்மையாகவே இருந்தன!

*

பிரவுசர்களின் பொய்யைக் கேட்டால் மயக்கமே வரும்!

குரோம், சஃபாரி, எட்ஜ் எல்லாமே தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது முதலில் சொல்லும் பெயர் என்ன? ‘மொசில்லா 5.0’! விண்டோஸ் 11-ல் ஓடும் குரோம் ‘விண்டோஸ் 10.0’ என்கிறது. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள புத்தம்புது மேக்கில் ஓடும் குரோம் ‘இன்டெல் மேக், 10.15.7’ என்கிறது. மேக்கில் இன்டெல் இருந்த காலமே மலையேறிவிட்டது, தெரியுமா! ஆண்ட்ராய்டு போனில் குரோமைக் கேட்டால், மாடல் எதுவானாலும் சரி, ‘ஆண்ட்ராய்டு 10, மாடல் கே’ என்று ஒரே பதில்!

2009-ல் ஓபெரா 10 வந்தபோது அது தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டது? ‘ஓபெரா 9.80’! இரண்டு இலக்க வெர்ஷனைப் பார்த்ததும் பல தளங்கள் முதல் இலக்கமான 1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஓபெரா 1-ஆ? ரொம்பப் பழசு, வெளியே போ!’ என்றுவிட்டன. 2022-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோதும் அதே பயம். மூன்று இலக்கம் தாங்காவிட்டால் 99-லேயே நிறுத்தி வைத்துவிடலாம் என்று மாற்றுத் திட்டம்கூடக் கையில் வைத்திருந்தார்கள்!

*

64-பிட் விண்டோஸில் 64-பிட் ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, சொல்லுங்கள் பார்ப்போம்! ‘சிஸ்டம்32’! அப்போ 32-பிட் ஃபைல்கள்? அவை இருப்பது ‘சிஸ்வாவ்64’! நிஜமாகத்தான் சொல்கிறேன். பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் நேர் தலைகீழ்!

ஒரே வகைச் சிப்புக்கு மேக்கில் ‘ஆர்ம்64’ என்று பெயர், லினக்ஸில் ‘ஏஆர்ச்64’ என்று பெயர். ஆப்பிள் சிப்பில் ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக ஓடும் பழைய புரோகிராம் கேட்டால் ‘இது இன்டெல் வகை’ என்று பதில் வரும். கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் பதிலே!

500 ஜிபி டிஸ்க் வாங்குகிறீர்கள். விண்டோஸில் போட்டால் 465 ஜிபி. மேக்கில் போட்டால் 500 ஜிபி! 35 ஜிபியை யார் தின்றது? யாரும் இல்லை! விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஆப்பிள் 2009-லிருந்து 1000-ஆல் வகுக்கிறது. இது தெரியாமல் ‘இடம் காணாமல் போகிறது’ என்று எத்தனை பேர் புகார் எழுதியிருப்பார்களோ!

லினக்ஸிலிருந்து யாராவது லாக் ஃபைல் அனுப்பினால் விண்டோஸ் நோட்பேடில் எல்லாமே ஒரே வரியாக ஓடும், ஞாபகம் இருக்கிறதா? விண்டோஸ் வரி முடிவுக்கு இரண்டு குறி போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். நோட்பேட் அந்த ஒற்றைக் குறியைப் படிக்கக் கற்றுக்கொண்டது எப்போது? 2018-ல்! விண்டோஸின் முதல் வெர்ஷன் வந்தது 1985-ல். 33 வருடம்!

*

‘கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் செய்தீர்கள்?’ வாடிக்கையாளர் சேவையில் இதைக் கேட்டாலே நமக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கும் எண்களைப் பாருங்கள்!

விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்து நின்றுவிடும்! அதென்ன 49.7 கணக்கு? ஓடிய நேரத்தை மில்லி விநாடியில் எண்ணி 32 பிட் இடத்தில் வைத்தார்கள். 2-ன் 32-வது அடுக்கு மில்லி விநாடி என்றால் சுமார் 49.7 நாள். அதன் பிறகு எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் பிழை வெளியே தெரியவே பல வருடம் ஆயிற்று. விண்டோஸ் 95 அவ்வளவு நாள் நிற்காமல் ஓடினால்தானே!

போயிங் 787 விமானத்திலும் இதே கதை என்றால் நம்புவீர்களா? மின்சாரம் துண்டிக்காமல் 248 நாள் தொடர்ந்து இயங்கினால், நான்கு ஜெனரேட்டர்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கைவிரித்துவிடலாம்! 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டது. தீர்வு? அவ்வப்போது ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்! 2-ன் 31-வது அடுக்கை நூறில் ஒரு பங்கு விநாடியாகக் கணக்கிட்டுப் பாருங்கள், 248 நாள் வரும்!

இதே கேள்வியைச் சரியாகக் கேட்காததால் 28 பேர் செத்தார்கள், தெரியுமா?

1991 வளைகுடாப் போர். பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்புக் கருவி நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணலிலும் இம்மியளவு தவறும். பிப்ரவரி 11 அன்று இஸ்ரேலியர்கள் ஒரு தகவல் அனுப்பினார்கள்: 8 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் குறி பார்க்கும் எல்லை 20 சதவீதம் நகர்ந்துவிடுகிறது. எத்தனை மணி நேரம், எவ்வளவு நகர்வு, இரண்டும் எண்ணில்! பக் ரிப்போர்ட் என்றால் இதுதான்! பிப்ரவரி 16-ல் திருத்திய சாஃப்ட்வேர் தயார். பிப்ரவரி 21-ல் போர்முனைக்கு ஒரு எச்சரிக்கை போனது. ‘மிக நீண்ட நேரம்’ ஓடினால் குறி நகரலாம் என்று இருந்தது அதில். எத்தனை மணி நேரம் என்றால் மிக நீண்ட நேரம்? அதை மட்டும் யாரும் எழுதவில்லை!

பிப்ரவரி 25. சவூதியின் தஹ்ரான் நகரில் ஒரு பேட்ரியாட் 100 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரப் பிழை வெறும் 0.34 விநாடி. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். கருவி வெறும் வானத்தைப் பார்த்தது, ஏவுகணை ராணுவக் குடியிருப்பில் விழுந்தது. திருத்திய சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த தேதி எது தெரியுமா? பிப்ரவரி 26!

*

500 மைலுக்கு மேல் போகாத மின்னஞ்சல் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1990-களில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்ட ட்ரே ஹாரிஸ் சொல்லிப் புகழ்பெற்ற கதை இது. புள்ளியியல் துறைத் தலைவர் கூப்பிட்டு, ‘எங்களால் 500 மைலுக்கு அப்பால் மெயில் அனுப்ப முடியவில்லை’ என்கிறார். கேட்பவருக்குச் சிரிப்பு வராதா? சோதித்துப் பார்த்தால் உண்மை! பக்கத்து ஊர்களுக்குப் போகிறது, தூரத்து ஊர்களுக்குப் போகவில்லை. அதுவும் புள்ளியியல்காரர்கள், வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள்!

நடந்தது என்ன? யாரோ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்தார்கள். அதோடு மெயில் அனுப்பும் புரோகிராம் வெர்ஷன் 8-லிருந்து 5-க்குச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. புது வெர்ஷனுக்கு எழுதிய அமைப்புகள் பழையதற்குப் புரியவில்லை. மறுமுனைக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. நடைமுறையில் அது 3 மில்லி விநாடிக்குச் சற்று மேல். 3 மில்லி விநாடியில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? 558 மைல்! வெர்ஷன் எண்ணைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை!

*

மொழி அமைப்பை ஏன் கேட்கிறார்கள்? ஒரு துருக்கிக்காரரைக் கேளுங்கள்!

துருக்கிய மொழியில் ஆங்கில ‘ஐ’ எழுத்து இரண்டு வகை. புள்ளி வைத்தது ஒன்று, புள்ளி இல்லாதது ஒன்று! பெரிய ‘ஐ’யைச் சிறியதாக்கினால் அங்கே புள்ளியில்லாத ‘ஐ’ வரும். இதனால் துருக்கிய அமைப்பு வைத்த சர்வர்களில் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்கள் தங்கள் சொந்தப் பெயர்களையே அடையாளம் தெரியாமல் விழித்தன! 2002-ல் புகார் வந்தது. தீர்ந்தது 2013-ல்! ஒரு புள்ளிக்கு 11 வருடம்!

நம் பக்கத்து வீட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன்களை முடக்கியது, தெரியுமா? ‘ஞானம்’ என்று தெலுங்கில் எழுதும்போது முதலில் வரும் அந்தக் கூட்டெழுத்துதான்! அது மெசேஜில் வந்தால் போதும், ஆப் நொறுங்கும். திரும்பத் திறந்தால் திரும்ப நொறுங்கும். ஐஓஎஸ் 11.2.5-ல் போன் படுத்துவிட்டது, அப்போது சோதனையில் இருந்த 11.3-ல் ஒன்றும் ஆகவில்லை. சில நாளில் 11.2.6 வந்து காப்பாற்றியது. ஞானம் வந்தால் போன் போய்விடும் என்று அப்போது கிண்டல் செய்யாதவர் உண்டா!

*

உங்கள் கையில் இருக்கும் போனிலேயே ஒரு ரகசியக் கதவு இருக்கிறது, திறந்து பார்க்கிறீர்களா?

ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை 7 முறை தட்டுங்கள். சரியாக 7! ‘இப்போது நீங்கள் டெவலப்பர்’ என்று பட்டம் கொடுத்துவிடும்! நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே போனால் ‘பக் ரிப்போர்ட்’ எடுக்கும் வசதி காத்திருக்கும்.

ஐபோனா? ஒலி கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான், பக்கவாட்டுப் பொத்தான் மூன்றையும் சேர்த்து ஒன்று, ஒன்றரை விநாடி அழுத்துங்கள். மெல்ல ஒரு அதிர்வு. அவ்வளவுதான்! உள்ளே நூற்றுக்கணக்கான எம்பிக்குத் தகவல் திரளத் தொடங்கிவிடும்! கொஞ்சம் அதிகம் அழுத்திவிட்டால் அவசர உதவித் திரை வந்து நிற்கும், ஜாக்கிரதை. மேக்கில் ஐந்து விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட், முற்றுப்புள்ளி. விரல் சுளுக்கினால் நான் பொறுப்பில்லை!

விண்டோஸை வேண்டுமென்றே நீலத் திரையில் விழவைக்க அதிகாரப்பூர்வ வழியே உண்டு, தெரியுமா? ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, வலப்பக்கக் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தட்டு. தொப்! சிஸ்டம் உறைந்து நிற்கும்போது அந்த நொடியில் மெமரியில் என்ன இருந்தது என்று பிடித்துவைக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த நீலத் திரையே 2025-ல் கறுப்பாகிவிட்டது! லினக்ஸ் கெர்னல் இப்போது சாகும்போது ஒரு கியூஆர் குறி காட்டும். 2024-ல் வந்த வசதி. போனில் ஸ்கேன் செய்தால் கெர்னலின் கடைசிப் பேச்சு உங்கள் கையில்!

இந்தக் கருவிகளின் பெயர்களைக் கவனித்தீர்களா? எங்கு பார்த்தாலும் டாக்டர்கள்! பழைய விண்டோஸில் ‘டாக்டர் வாட்சன்’. அதற்கு முதலில் வைத்த பெயர் ஷெர்லாக்! அந்தப் பெயரில் வேறொரு சாஃப்ட்வேர் இருந்ததால் உதவியாளர் பெயருக்கு மாறியது. கேடிஈ என்ற லினக்ஸ் திரைச்சூழலில் ‘டாக்டர் கொன்கி’, அது ஒரு டிராகன்! ஹோம்புரூ, ஃபிளட்டர் என்ற கருவிகளிலும் ‘டாக்டர்’ என்றே கட்டளை. ரெட் ஹேட் லினக்ஸில் மட்டும் ‘எஸ்ஓஎஸ்’, அதாவது கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபயக் குரல்!

நியோஃபெட்ச் என்ற கருவி கிட்டத்தட்ட 150 ஆப்பரேட்டிங் சிஸ்டங்களை அடையாளம் கண்டு, அழகான சின்னத்தோடு தகவலைக் காட்டும். உலகெங்கும் லினக்ஸ் ரசிகர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுத் தீர்த்தார்கள். அதை எழுதியவர் 2024-ல் எல்லாவற்றையும் மூடிவிட்டு என்ன காரணம் சொன்னார் தெரியுமா? ‘விவசாயம் செய்யப் போய்விட்டேன்’!

*

இத்தனை தகவலை அள்ளிக் கொடுக்கிறோமே, ஆபத்தில்லையா?

ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் பக் ரிப்போர்ட் எழுதினால், நீங்கள் கடைசியாகத் தட்டிய எழுத்துகளும் ஒரு காலத்தில் தானாக அதில் சேர்ந்துகொண்டன! கடவுச்சொல் தட்டியிருந்தால்? அதுவும்தான்! பிறகு நிறுத்திவிட்டார்கள். கடைசி 300 விசைகளைக் காட்டும் கட்டளை மட்டும் இன்னும் இருக்கிறது!

2010-ல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 4,70,161 பிரவுசர்களைச் சோதித்தது. ஃபான்ட் பட்டியல், திரை அளவு, நேர மண்டலம் போன்ற சாதாரணத் தகவல்கள்தான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஆனாலும் 83.6 சதவீதம் பிரவுசர்களுக்கு அந்தக் கூட்டத்தில் ஜோடியே இல்லை! புகாரில் ஒட்டும் ஃபைல் பாதையில் உங்கள் பெயரே இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்!

*

ஒரு பாட்டு கேட்டால் லாப்டாப் செத்துப்போகுமா?

போனது! ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு நிறுவனத்தின் லாப்டாப்பில் அதைப் போட்டால் கிராஷ். பக்கத்து மேஜையில் சும்மா இருந்த லாப்டாப்பும் கிராஷ்! பாட்டிலிருந்த ஓர் அதிர்வெண், நிமிஷத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனது. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022-ல் இந்தக் கதையை எழுதியதும், இந்தப் பாட்டுக்கு அதிகாரப்பூர்வப் பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணே கொடுத்துவிட்டார்கள்! ‘அறையில் என்ன பாட்டு ஓடியது?’ என்று எந்தப் படிவம் கேட்கும்?

பெல்ஜியத்தில் 2003 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 4096 என்பது 2-ன் 12-வது அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது! விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் தட்டிவிட்டிருக்கலாம் என்று சந்தேகம்.

1947-ல் ஹார்வர்டு மார்க் 2 கணினியில் ஒரு விட்டில் பூச்சி சிக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் குறிப்பேட்டில் இன்னும் என்ன எழுதியிருந்தது தெரியுமா? நேரம் 15:45, எஃப் பலகை, 70-ம் ரிலே. ஆதாரமாகப் பூச்சியையே டேப் போட்டு ஒட்டியும் வைத்தார்கள். இன்றைய புகார்களில் பாதிக்கு இந்த நேர்த்தி கிடையாது!

*

பெரிய எண் வேண்டுமா? 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு ஃபைல். 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன! ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! அதே நிறுவனத்தின் சாஃப்ட்வேர் இருந்த மேக், லினக்ஸ் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தவறான ஃபைல் புழக்கத்தில் இருந்தது எவ்வளவு நேரம்? 78 நிமிஷம்!

மைக்ரோசாஃப்ட் உலகெங்குமிருந்து தானாக வரும் கிராஷ் ரிப்போர்ட்டுகளை அலசியபோது, எல்லாக் கோளாறுகளிலும் பாதிக்குக் காரணம் வெறும் 1 சதவீதப் பிழைகள் என்று தெரிந்தது. 2002-ல் அந்த நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே வாய்பிளந்த கணக்கு இது!

*

உலகத்திலேயே மிகத் தொலைவிலிருந்து வந்த பக் ரிப்போர்ட் எது?

2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது! 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் திடீரென்று உளறத் தொடங்கியது. பதில் வருகிறது, ஆனால் ஒன்றும் புரியவில்லை. ஒரு கட்டளை போய்ச்சேர 22.5 மணி நேரம், பதில் வர இன்னொரு 22.5 மணி நேரம். வெர்ஷன் என்ன, மெமரி என்ன என்று யாரிடம் கேட்பது?

2024 மார்ச் 1-ல் ‘லேசாக இடித்துப் பார்க்கும்’ ஒரு கட்டளை அனுப்பினார்கள். மார்ச் 3-ல் வந்த பதிலில் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அதுவும் வழக்கமான வடிவில் இல்லை. நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்பைச் சேர்ந்த ஒரு பொறியாளர் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படித்தார். என்ன இருந்தது தெரியுமா? வாயேஜரில் இருந்த ஒரு கணினியின் மெமரி முழுவதும்! கெடுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மெமரியில் சுமார் 3 சதவீதம் காலி. ஒரே ஒரு சிப்! அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, மற்ற இடங்களில் கிடைத்த சந்துபொந்துகளில் திணித்தார்கள். ஏப்ரல் 20 அன்று வாயேஜர் மறுபடி ஒழுங்காகப் பேசியது!

*

பிழை கண்டுபிடித்தால் காசு கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், தெரியுமா? கணினி அறிஞர் டொனால்டு நூத்! அவர் புத்தகத்தில் பிழை கண்டால் 2.56 டாலர். அதென்ன ஐம்பத்தாறு? 256 சென்ட் என்பது பதினாறடிமானக் கணக்கில் சரியாக ஒரு ‘டாலர்’! டெக் என்ற அவருடைய அச்சுக்கோப்பு சாஃப்ட்வேரில் பிழை கண்டால் 327.68 டாலர். அதுவும் 2-ன் அடுக்குதான்! வாங்கியவர்களில் பலர் செக்கை மாற்றவே இல்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். 2008 முதல் அவர் நிஜ செக் கொடுப்பதில்லை. இல்லாத ஒரு தீவில் இல்லாத ஒரு வங்கியின் சான்றிதழ்தான் வரும், அதையும் பெருமையாக வாங்கிக்கொள்கிறார்கள்!

டெக்கின் வெர்ஷன் எண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? 3, பிறகு 3.1, பிறகு 3.14. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘பை’ மதிப்பின் ஓர் இலக்கம் கூடும். 2021 நிலவரம் 3.141592653! தான் இறந்த பிறகு அதை முழு ‘பை’ ஆக்கிவிட வேண்டும், அதற்குமேல் யாரும் கை வைக்கக் கூடாது, மிச்சமிருக்கும் பிழைகளெல்லாம் அன்று முதல் ‘வசதிகள்’ என்று எழுதியே வைத்துவிட்டார்! அதற்குப் பிறகு ‘எந்த வெர்ஷன் சார்?’ என்று யாராவது கேட்டால், சொல்லி முடிக்கவே முடியாது!